கனத்த கவர் வந்த நாள்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆபீஸிலிருந்து போன மாதம் கவிதா போன் பண்ணினாள். அங்கே அவள் கிளார்க். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் புதிதாக வந்து சேர்ந்த பெண்.

“அஞ்சலைக்கா, பழைய பீரோவெல்லாம் எடுக்கப் போறாங்க. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. நீங்க ஒரு நாள் வந்து, அந்தக் காலத்துல இங்க வேலை எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க. எழுதி வைக்கணும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்கினவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லச் சொல்கிறார்கள்! இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வேப்பந்தட்டையில் பஸ் ஏறிவிட்டேன். நான் பேசுவதை அவள் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி எழுதிக்கொள்கிறாளாம். எழுதட்டும். எனக்கு எழுத்து தெரியாது. மனிதர்கள் பேசினதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அது அவர்களுடையது.

முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான அலுவலகம் அது. ஊரில் எல்லோரும் பட்டாளத்து ஆபீஸ் என்பார்கள். பென்ஷன், விதவைச் சான்றிதழ், பிள்ளைகளின் படிப்புக்கான மனு எல்லாம் அங்கேதான். அரியலூர்ப் பக்கத்து ஜனங்களும் அப்போது பெரம்பலூருக்குத்தான் வர வேண்டும். நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த ஒரு வருஷத்தில் டீ போடுவது, பசை காய்ச்சுவது, தபால் வாங்குவது, பீரோவிலிருந்து ஃபைல் எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன.

“படிக்கத் தெரியாம ஃபைலை எப்படிக்கா எடுப்பீங்க?” என்று கவிதா இப்போதும் கேட்கிறாள். ஆட்டுக்காரி நூறு ஆட்டை எப்படி அடையாளம் வைக்கிறாள்? அப்படித்தான். ஒரு ஃபைலில் எண்ணெய்க் கறை இருக்கும். ஒன்றில் எலி கடித்த மூலை. ஒன்று கொழுத்திருக்கும், ஒன்று நோஞ்சானாக இருக்கும். கயிறு கட்டினவரின் முடிச்சுகூட எனக்குத் தெரியும். குன்னம் பெரியவருடைய ஃபைலில் எப்போதும் மூக்குப்பொடி வாசனை வரும். அவர் செத்த பிறகும் வந்தது.

அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கேப்டன் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் பார்த்த அதிகாரிகள் ஏழெட்டுப் பேர். கேப்டன் சார் மாதிரி ஒருவரைப் பார்க்கவில்லை. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். குட்டையான ஆள், சர்க்கரை இல்லாத டீ, சிரிப்பதே கிடையாது. ஆனால் கிழிந்த சேலையோடு ஒரு கிழவி உள்ளே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அவள் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். முதல் கேள்வி, “சாப்ட்டீங்களா?” சாப்பிடவில்லை என்றால் என்னைப் பார்ப்பார். நான் பன்னும் டீயும் வாங்கப் போவேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொட மாட்டார்.

போரில் செத்தவர்களைத் தேடி வருகிற மனுக்களை அவர் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். பெரும்பாலும் பழைய சண்டை. வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள். அப்பா போனார், மாமன் போனார், என்ன ஆனார் என்று தெரியவில்லை என்று பிள்ளைகளும் பேரன்களும் வருவார்கள். கேப்டன் சார் முதலில் பேர், தகப்பன் பேர், ஊர் கேட்பார். பிறகு பட்டாள நம்பர். யாரிடமும் நம்பர் இருக்காது. பெட்டி, மெடல், பழைய கடுதாசி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். இவ்வளவையும் கேட்டுவிட்டு வேறு கதை பேசுவார், மழை உண்டா, பருத்தி எப்படி என்று. பேச்சு நடுவே அதே கேள்விகளை வேறு மாதிரி கேட்பார். வாசல் வரை கொண்டுபோய் விடும்போது மூன்றாவது தடவை. “மொதத் தடவை மனப்பாடம் பண்ணினத சொல்லுவாங்க. ரெண்டாந்தடவை யோசிச்சுச் சொல்லுவாங்க. மூணாந்தடவதான் தெரிஞ்சதச் சொல்லுவாங்க” என்பார்.

பிறகு கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பார்கள். பட்டாளத்துப் பழைய கணக்குகளை வைத்திருக்கும் ஆபீஸுக்கு ஒன்று போகும். மாதக்கணக்கில் பதில் வராது. வந்தால் பழுப்பு நிறக் கவர். தபால்காரரிடம் வாங்குகிறவள் நான்தானே, கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். மெல்லிசாக இருந்தால் ஒரே தாள்: அப்படி ஒருவர் எங்கள் கணக்கில் இல்லை. கனமாக இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார்.

ஒரு தடவை அதில் மாட்டிக்கொண்டேன். கனத்த கவர் ஒன்று வந்த அன்றைக்கே அந்தக் குடும்பமும் தற்செயலாக வந்து வாசலில் நின்றது. “கெடச்சிட்டாருங்க, போங்க உள்ள!” என்று பல்லெல்லாம் தெரிய அனுப்பினேன். அந்தம்மா ஆள் உயிரோடு கிடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சாயங்காலம் கேப்டன் சார் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. “அஞ்சலை, இங்க கெடச்சிட்டார்னா செத்துட்டார்னு அர்த்தம். கவரத் தொட்டா மூஞ்சிய மாத்தாத” என்றார். அன்றிலிருந்து கவர் வாங்கும்போது என் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டேன்.

செய்தி சொல்வதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. “அஞ்சலை, ஃபேனை நிறுத்து” என்பார். தாள் பறக்கக் கூடாது, சத்தம் இருக்கக் கூடாது. பிறகு எழுந்து நின்று தாளில் இருக்கிற பேரை, தகப்பன் பேரை, ஊரை நிதானமாகப் படிப்பார். படித்துவிட்டு நிறுத்துவார். குடும்பத்தார் “ஆமாங்க சார், எங்களோடதுதான்” என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மிச்சத்தைப் படிப்பார். எதற்கு இந்தச் சடங்கு என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். “அங்க பொணத்துக்குப் பக்கத்துல நின்னு எங்களோடதுன்னு சொல்ல யாரும் இல்ல. இங்கயாவது சொல்லட்டும்” என்றார்.

இனி அமலோற்பவத்தக்கா கதை. கவிதா கடிகாரத்தைப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆண்டிமடம் வந்து, ஜெயங்கொண்டம் வந்து, அரியலூர் வந்து, நாலு பஸ் மாறி வருவார். அப்போதே அறுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு துணிப்பையில் முந்திரிப்பருப்பு. வாழ்நாள் முழுக்க முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல்நுனி கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது. மனுவில் கைநாட்டு வைக்கச் சொன்னால் வெறும் மைத் திட்டுதான் விழுந்தது, ரேகையே இல்லை. “சாமி என்னை அடையாளமே இல்லாம பண்ணிட்டாரு பாரு” என்று சிரித்தார்.

தேடி வந்தது அவருடைய அப்பாவை. பேர் சூசை. சண்டைக் காலத்தில், அக்காவுக்கு நாலு வயது இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்துக்குப் போய்விட்டார். ஒரே ஒரு கடுதாசி வந்தது, யாரையோ வைத்து எழுதினது. கப்பல் ஏறப் போகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள், தம்பி கோவித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல், வந்து விளக்கமாகச் சொல்கிறேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, தகவலும் இல்லை.

அக்காவின் அம்மா கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. தாலியோடும் பூவோடும்தான் புதைத்தார்கள். அது போகட்டும். அவர்கள் வேதத்தில் நவம்பர் மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். செத்தவர்களின் பேரையெல்லாம் எழுதிச் சாமியாரிடம் கொடுப்பார்கள். பூசையில் அவர் ஒவ்வொரு பேராகப் படிப்பார். குடும்பத்தார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். “உசுரோட இருக்கிற ஆளு பேர செத்தவங்களோட சேத்துப் படிக்கக் கூடாது, தாளு வர்ற வரைக்கும் உங்கப்பா பேரக் குடுக்காத” என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டார். அம்மாவும் போய்விட்டார். தாள் வரவில்லை.

“எனக்குச் சர்க்கர இருக்கு, பிரசரு இருக்கு. நான் போயிட்டா எங்கப்பா பேரச் சொல்ல ஒருத்தரும் இல்ல சார். புள்ள குட்டி இல்லாதவ நான். அவரு உசுரோடயும் இல்லாம, செத்தவங்களோடயும் இல்லாம நடுவுல நிக்கிறாரு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்தப் பேரப் படிச்சிரணும்” என்றார்.

கேப்டன் சார் எழுதினார். மெல்லிய கவர் வந்தது. ஊர்ப் பேரை மாற்றி, பழைய திருச்சி ஜில்லா என்று போட்டு எழுதினார். மெல்லிய கவர். மூன்றாவது முறை பேரைப் பல விதமாக எழுதி அனுப்பினார். அதுவும் மெல்லிசு. ஒவ்வொரு தடவையும் அக்கா நாலு பஸ் மாறி வந்து, இல்லை என்று கேட்டுக்கொண்டு, எனக்கு ஒரு கை முந்திரி கொடுத்துவிட்டு நாலு பஸ் மாறிப் போவார்.

மூன்றாவது மெல்லிய கவர் வந்த அன்றைக்குக் கேப்டன் சார், “இதுக்கு மேல எழுத எனக்கு வழி தெரியலம்மா” என்று சொல்லிவிட்டார். அக்கா கொல்லைப் பக்கம் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். அழுவார் என்று பார்த்தேன், அழவில்லை. பசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னக்கா சிரிக்கிற?”

“பாயசம் மாதிரியே இருக்கு. எங்க வூட்ல ஒரு தடவ பாயசம் வச்சாங்க அஞ்சல. அந்த மாதிரி பாயசம் அதுக்கப்புறம் நான் குடிச்சதே இல்ல.”

“யாருக்குக் கல்யாணம்?”

“கல்யாணமா? எங்க சித்தப்பா செத்துட்டாருன்னு கடுதாசி வந்துச்சு, அதுக்கு!”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா இழுத்து இழுத்துச் சொன்னார். அப்பா போய் ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் இருக்குமாம். தபால்காரர் சர்க்கார் கடுதாசி ஒன்று கொண்டுவந்தார். தாத்தா சவரிமுத்து பேருக்கு வந்தது. தபால்காரரே படித்தார்: உங்கள் மகன் அருளப்பன் பர்மா யுத்தத்தில் இறந்துவிட்டார். அருளப்பன் அக்காவின் சித்தப்பா. அவர் அப்போது கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். தாத்தா அங்கிருந்தே கத்தினாராம்: “ஏலேய் அருளப்பா! மாட்ட நிறுத்திட்டு வாடா! நீ செத்துட்டியாம்டா!”

சித்தப்பா சேற்றுக்காலோடு ஓடிவந்து, “எப்பலேருந்து?” என்று கேட்டாராம். ஊரே சிரித்தது. செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று எங்கள் பக்கமும் சொல்வோம். தாத்தா உடனே வெல்லம் வாங்கிவரச் சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் பாயசம். தபால்காரருக்கு இரண்டு லோட்டா. ஆள் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக் கடுதாசியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வந்த கவர்களையும் பிரிக்காமலேயே திருப்பினார்கள். அந்தச் சித்தப்பா எண்பது வயதுக்கு மேல் இருந்துவிட்டுத்தான் போனாராம்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் ஆபீஸைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்கும்போது எனக்கு நன்றாக யோசனை வரும், கை தன்பாட்டுக்குப் போகும் இல்லையா. அந்தச் சித்தப்பா பட்டாளத்துக்கே போனதில்லை. கவலை ஓட்டினவருக்குப் பட்டாளத்திலிருந்து எதற்குக் கடுதாசி? என் கண் முன்னால் எத்தனை கவர் வந்து போயிருக்கிறது. பட்டாளத்துக்காரர்கள் ஊரைத் தப்பாக எழுதுவார்கள், வயதைத் தப்பாக எழுதுவார்கள். போகாத வீட்டுக்கு எழுதவே மாட்டார்கள். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேப்டன் சார் முன்னால் போய் நின்றேன்.

“சார், அமலோற்பவத்தக்கா வூட்டுக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு சார். திருப்பிட்டாங்களாம்.”

பாயசக் கதையை முழுக்கச் சொன்னேன். பிறகு கேட்டார், “அந்தச் சித்தப்பாவோட ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டு வூட்ல இருந்துச்சாமா?”

“அது எனக்கெப்படி சார் தெரியும்?”

“அப்பல்லாம் வயசுக்கு அதத்தான காட்டுவாங்க, அத மொதல்ல கேக்கணும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் அக்காவை வரவழைத்தார். சாப்பிட்டீர்களா, முந்திரி விளைச்சல் எப்படி என்று எல்லாம் முறைப்படி நடந்தது. வாசலில் விடும்போது மூன்றாவது தடவை கேட்டார். அக்கா யோசித்துச் சொன்னார்: “சித்தப்பா கல்யாணத்தப்ப கோயில்ல அந்தத் தாளக் கேட்டாங்க சார். தகரப் பெட்டில பாத்தா காணோம். கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லி வேற எழுதி வாங்குனாங்க.”

“தகரப் பெட்டியிலயா?”

“ஆமா சார்.”

“உங்கப்பாவுக்கு அப்ப என்ன வயசு?”

“ஆளு எடுக்க வந்தப்ப வயசு தாண்டிடுச்சுன்னு ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டாங்களாம். சித்தப்பா பத்து வயசு சின்னவரு.”

சொல்லிவிட்டு அக்கா நின்றுவிட்டார். தகரப் பெட்டிக்குள் கரையான் எப்படிப் போகும் என்று அவர் அப்போதுதான் யோசித்திருப்பார் போல. வயது தாண்டினவர் தம்பியின் தாளைக் காட்டி, தம்பி பேரிலேயே பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறார். “ஒடம்புல ஏதாவது அடையாளம் உண்டா, உங்கப்பாவுக்கு?” என்று கேப்டன் சார் கேட்டார். இடது புருவத்தில் மாடு முட்டின தழும்பு என்று அம்மா சொல்வாராம். சித்தப்பாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாலாவது மனு போயிற்று. இந்தத் தடவை சூசை என்று எழுதவில்லை. சவரிமுத்து மகன் அருளப்பன்.

ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்தபடி தபால்காரர் வந்தார். கவரை வாங்கினேன். கனம். முகத்தை மாற்றாமல் மேசையில் வைத்தேன். அக்காவுக்குத் தகவல் போயிற்று. அவர் வந்து, டீ குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைக்கிற வரை கேப்டன் சார் காத்திருந்தார்.

“அஞ்சலை, ஃபேனை நிறுத்து.”

நிறுத்தினேன். அவர் எழுந்து நின்றார். அருளப்பன், தகப்பனார் பேர் சவரிமுத்து, ஊர் இன்ன ஊர் என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

அக்கா வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். கேப்டன் சார் நின்றுகொண்டே இருந்தார். முறை முறைதானே.

“பேரு எங்க சித்தப்பாவோடது சார்” என்றார் அக்கா கடைசியில். “என்னன்னு சொல்லட்டும்?”

கேப்டன் சார் முதல் தடவையாக முறையை மீறினார். அக்காவின் ‘ஆமா’வுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரியைப் படித்தார். அடையாளம்: இடது புருவத்தில் பழைய காயத் தழும்பு.

பிறகு மீதியையும் படித்தார். எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எந்த ஆற்றங்கரை. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களின் பேரையெல்லாம் பர்மாவில் பெரிய பெரிய தூண்களில் செதுக்கி வைத்திருக்கிறார்களாம், அதன் போட்டோவும் கவரில் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து. எங்கள் இருவருக்கும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. கேப்டன் சார் பென்சில் முனையை ஒரு வரிக்குக் கீழே வைத்துக் காட்டினார். அக்கா அந்தக் கறுத்த விரலால் அதைத் தொட்டார்.

“கிண்டினது எங்கம்மாதான் சார்” என்றார்.

கேப்டன் சாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாயசத்தை.

“எனக்கு ரெண்டாந்தரம் வேணும்னு அழுதேன். ஊத்துனாங்க.” அதைச் சொல்லிவிட்டு அக்கா போட்டோவைத் தாளோடு சேர்த்து மடித்து முந்திரிப் பையில் வைத்துக்கொண்டார். ஃபேனைப் போடச் சொல்ல கேப்டன் சார் மறந்துவிட்டார். நானே போட்டேன்.

கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. “நீ வரணும் அஞ்சல” என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். லீவு கேட்டேன், கேப்டன் சார் கொடுத்தார். நாலு பஸ் எனக்கும் மாறத் தெரிந்தது. ஆண்டிமடம் தாண்டினால் இரண்டு பக்கமும் முந்திரித்தோப்புதான், நிழல் தரையில் படுத்துக் கிடக்கிற மாதிரி மரங்கள். அக்கா வீட்டில் சோறு, கருவாட்டுக் குழம்பு. ஒரு பிடி பிடித்தேன். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ போட்டு எல்லாக் கல்லறையும் பளிச்சென்று இருந்தது. சித்தப்பா கல்லறையில் அக்கா ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். பக்கத்திலேயே இன்னொன்று ஏற்றினார்.

“ஒரு ஆளுக்கு எதுக்குடி ரெண்டு?” என்றார் ஒரு சொந்தக்காரக் கிழவி.

“பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு. வந்து சொல்றேன்னு சொன்னவரு வரல, நானே சொல்லிட்டேன் சித்தப்பாகிட்ட. கோவிச்சுக்க மாட்டாரு” என்றார் அக்கா.

சாமியார் பூசையில் பேர்களைப் படிக்க ஆரம்பித்தார். நீளமான பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் அந்தந்தக் குடும்பம் தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டது, சத்தமே இல்லை. அவர்கள் முறை அது. எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு பேருக்கும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“சவரிமுத்து மகன் சூசை” என்று சாமியார் படித்தார்.

அமலோற்பவத்தக்கா எழுந்து நின்றார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கேப்டன் சார் மேசைக்கு முன்னால் நிற்கிற மாதிரியே நின்று, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஆமா சாமி, எங்களோடதுதான்.”